காவிரிக் குடும்பமும் நம்ம வாய்க்காலும்



நம்ம கூட்டமைப்பின் பத்தாம் ஆண்டு மலருக்கு வாய்க்கால் வரலாற்றை நீதான் எழுதணும் என்று போன மாதக் கூட்டத்தில் என்னிடம் சொல்லிவிட்டார்கள். நான் பத்தாவது வரை படித்தவள். எழுத்து என்றால் குழுவின் தீர்மான நோட்டு எழுதுவதோடு சரி. வரலாறு என்றால் ராஜாக்கள் கதை என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தேன். ஆனால் புதிதாகக் குழுவில் சேர்ந்த பெண்கள் இரண்டு பேர், "எதுக்குக்கா ஆறு நாள் முறை? தண்ணி வந்தா பாய்ச்சிக்க வேண்டியதுதானே?" என்று கேட்டபோது, இதை எழுதியே ஆகணும் என்று தோன்றியது. அவர்களுக்கு அந்தச் சண்டை தெரியாது. தெரியாமல் போனால் மறுபடி வரும்.

ஊர்ப் பெயர்களைப் போட வேண்டாம் என்று கூட்டத்தில் முடிவு செய்தோம். வாய்க்காலின் தலைப்பில் இருப்பதை மேல் ஊர் என்றும், நான் வாழ்க்கைப்பட்டு வந்த ஊரைக் கடைமடை என்றும் எழுதுகிறேன். படிக்கிற உங்களுக்கு எது எது என்று தெரியும்.

சித்தப்பாவின் டிரங்குப் பெட்டி

நம்ம வாய்க்கால் கதையைச் சொல்லணும் என்றால் காவிரி கதையில்தான் ஆரம்பிக்கணும். எங்கள் வீட்டில் அந்தக் கதை ஒரு டிரங்குப் பெட்டியாக இருந்தது.

என் சித்தப்பா பெங்களூரில் கொத்தனார் வேலை பார்த்தார். 1991 டிசம்பரில் சித்தியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு, ஒரே ஒரு டிரங்குப் பெட்டியோடு ஊருக்கு வந்து சேர்ந்தார். எனக்கு அப்போது மூன்று வயது. எனக்கு ஞாபகம் இல்லை, அம்மா சொல்லித்தான் தெரியும். காவிரிக் கலவரத்தில் அவர்கள் குடியிருந்த தெருவில் தமிழர் வீடுகளைத் தேடி அடித்தார்களாம். பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா இரண்டு நாள் இவர்களைத் தன் வீட்டு அடுப்படியில் மறைத்து வைத்து, பிறகு ரயில் ஏற்றி விட்டாராம். அடித்தவனையும் மறைத்து வைத்தவளையும் சித்தி ஒரே மூச்சில்தான் சொல்லுவார். சின்ன வயதில் எனக்கு அது புரியாது. "கன்னடக்காரங்க நல்லவங்களா கெட்டவங்களா சித்தி?" என்று கேட்பேன். சித்தி பதில் சொல்ல மாட்டார்.

அந்தக் கலவரம் வரக் காரணம் என்ன? சுருக்கமாகச் சொல்கிறேன்.

காவிரி குடகு மலையில் தலைக்காவிரியில் பிறக்கிறது. கர்நாடகத்தில் ஓடி, தமிழ்நாட்டுக்குள் வந்து, கல்லணையில் பல கிளைகளாகப் பிரிந்து நம்ம பக்கம் வருகிறது. அந்தக் காலத்தில் மைசூர் ராஜ்யத்துக்கும் சென்னை மாகாணத்துக்கும் இடையில் 1892-ல் ஒரு ஒப்பந்தமும், 1924-ல் இன்னொரு ஒப்பந்தமும் ஆனது. 1924 ஒப்பந்தப்படிதான் அங்கே கிருஷ்ணராஜ சாகர் அணையும் இங்கே மேட்டூர் அணையும் வந்தன. மேட்டூர் அணை 1934-ல் பாசனத்துக்கு வந்தது. ஒப்பந்தம் போட்டு ஐம்பது வருஷம் ஆனதும், 1974-ல், சிக்கல் தொடங்கியது. ஒப்பந்தமே முடிந்துவிட்டது என்றது கர்நாடகம். திரும்பப் பார்த்துப் பேசலாமே தவிர முடியவில்லை என்றது தமிழ்நாடு.

இரண்டு அரசாங்கமும் பேசிப் பேசி எதுவும் ஆகவில்லை. 1983-ல் மன்னார்குடி ரங்கநாதன் அவர்களின் விவசாயிகள் சங்கம் உச்ச நீதிமன்றம் போனது. உச்ச நீதிமன்றம் சொன்னபிறகு 1990 ஜூனில் நடுவர் மன்றம் அமைந்தது. மறு வருஷம், 1991 ஜூனில், ஒரு வருஷத்துக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் மேட்டூருக்கு வந்து சேரணும் என்று இடைக்கால உத்தரவு போட்டார்கள். ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. அந்த உத்தரவு டிசம்பரில் அரசிதழில் வெளியானதும்தான் பெங்களூரிலும் மைசூர்ப் பக்கத்திலும் கலவரம் வெடித்தது. அந்தத் தீயில்தான் என் சித்தப்பா பத்து வருஷம் சம்பாதித்தது போனது.

உத்தரவு இருந்தது, தண்ணீரும் நல்ல மழை வருஷங்களில் வந்தது. மழை பொய்த்த வருஷத்தில்தான் தகராறு. நிறைய இருக்கும்போது பங்கு போட யாருக்கும் தெரியும். குறைவாக இருக்கும்போது எப்படிப் பிரிப்பது என்பதுதான் காவிரியின் முழுப் பிரச்சினையும்.

2003-ல் நடந்த ஒரு நல்ல காரியம்

2002 கடும் வறட்சி. நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். ஜூன் 12-ம் தேதி மேட்டூர் திறக்கவில்லை. குறுவை இல்லை. அப்பா திண்ணையில் உட்கார்ந்து பேப்பரைப் படித்துவிட்டுக் கர்நாடகக்காரர்களைத் திட்டுவார். ஒருநாள் பேப்பர் படித்தவர் திட்டவில்லை. என்ன என்று கேட்டேன். தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் விடக்கூடாது என்று அங்கே ஒரு விவசாயி கபினி அணையில் குதித்துச் செத்துப்போனார் என்றார். "அவனும் நம்மள மாதிரி கடன்காரனாத்தான் இருப்பான்" என்று மட்டும் சொன்னார்.

அதற்கு அடுத்த வருஷம் நடந்ததுதான் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது. 2003 ஏப்ரலில் சென்னையில், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில், இரண்டு மாநில விவசாயிகளும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசினார்கள். அந்த நிறுவனத்தின் பேராசிரியர் ஜனகராஜன் அவர்கள் இதற்கு முயற்சி எடுத்தார். மன்னார்குடி ரங்கநாதனும் இதில் இருந்தார். இருபது வருஷமாகக் கோர்ட்டில் எதிர்த்து வழக்காடினவர்களோடு உட்கார்ந்து பேசினார் என்றால் யோசித்துப் பாருங்கள். அடுத்து பெங்களூரில் கூடினார்கள். தங்களுக்குக் காவிரிக் குடும்பம் என்று பேர் வைத்துக்கொண்டார்கள்.

அவர்கள் செய்த பெரிய காரியம் ஒருத்தர் வயலை ஒருத்தர் போய்ப் பார்த்தது. கர்நாடக விவசாயிகள் பலர், டெல்டாவில் நிலத்தடியில் நல்ல தண்ணீர் இருக்கிறது, போர் போட்டுக்கொள்ளலாமே என்று நினைத்திருந்தார்கள். கடற்கரைப் பக்கம் வந்து பார்த்தால் போர்த் தண்ணீர் உப்பு. ஆற்றுத் தண்ணீர் வரவில்லை என்றால் அங்கே வேறு வழியே கிடையாது. நம்ம ஆட்கள், அங்கே அணை நிறைய வைத்துக்கொண்டு ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்திருந்தார்கள். போய்ப் பார்த்தால் அங்கேயும் கடனும் காய்ந்த வயலும். எங்கள் ஊர் விவசாயச் சங்கப் பெரியவர் ஒருவர் இதை என்னிடம் சொல்லும்போது, "கோர்ட்ல நம்பரைப் பார்த்தோம்மா, வயல்ல மனுஷனைப் பார்த்தோம்" என்றார்.

மழை குறைந்த வருஷத்தில் கஷ்டத்தை எப்படிப் பங்கு போடுவது என்று அவர்கள் பல தடவை கூடிப் பேசினார்கள். இரண்டு பக்கமும் கையெழுத்துப் போடும் கணக்கு ஒன்று வரவில்லை. அவர்கள் பேச்சுக்கு அரசாங்கத்தில் அதிகாரமும் இல்லை. போகப்போக அந்தக் கூடுகை தேய்ந்துவிட்டது.

2007 பிப்ரவரியில் நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளாவுக்கு 30, புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதில் நம்ம பங்கை 404.25 ஆகக் குறைத்தது. அந்த வருஷம் ஜூனில் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் வந்தது. இப்போது தாள் இருக்கிறது, ஆணையம் இருக்கிறது. ஆனாலும் மழை குறைந்தால் பழைய சண்டைதான்.

எங்கள் சண்டை

இனி நம்ம ஊர்க் கதை. இதில் எங்கள் வீட்டுத் தப்பும் இருக்கிறது. மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் 2008-ல் கல்யாணமாகி இங்கே வந்தேன். எங்களுக்கு ஆறு மா நிலம். 2012-ல் மேட்டூர் செப்டம்பரில்தான் திறந்தார்கள். குறுவை போச்சு, சம்பாதான் கதி என்று கடன் வாங்கி விதைத்தோம். வடகிழக்குப் பருவமழையும் ஏமாற்றியது. கார்த்திகை மாதத்தில் பயிர் சுருள ஆரம்பித்தது. வாய்க்காலில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் மேல் ஊரைத் தாண்டி வரவில்லை. அவர்கள் வாய்க்காலின் குறுக்கே மண்மூட்டை அடுக்கித் தடுத்திருந்தார்கள்.

நாலு நாள் பொறுத்தோம். ஐந்தாம் நாள் ராத்திரி எங்கள் ஊர் ஆம்பளைகள் பத்துப் பேர் மண்வெட்டியோடு போனார்கள். அதில் என் வீட்டுக்காரரும் ஒருவர். நான்தான் டார்ச் லைட்டை எடுத்துக் கொடுத்தேன். மூட்டைகளைச் சரித்தார்கள். காவலுக்குப் படுத்திருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். கைகலப்பில் அந்த ஊர்க்காரர் ஒருவருக்கு மண்டை உடைந்தது, எங்கள் ஊரில் ஒருவருக்குக் கை முறிந்தது. இரண்டு பக்கமும் போலீஸ் கேஸ். தண்ணீர் ஒரு ராத்திரி வந்தது. மறுநாள் அவர்கள் இன்னும் உயரமாக அடுக்கினார்கள். எங்கள் ஆறு மாவில் நாலு மா கருகியது.

அதற்கப்புறம் மூன்று வருஷம் இரண்டு ஊருக்கும் பேச்சு இல்லை. அந்த ஊரில் வாக்கப்பட்ட எங்கள் ஊர்ப் பெண்கள் தலைப்பொங்கலுக்குக்கூட வரவில்லை. ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் மேல் ஊர் அக்கா ஒருவரைப் பார்த்து, "எங்க வயித்துல அடிச்சவங்க நல்லா இருக்க மாட்டீங்க" என்று நான் சத்தம் போட்டுச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அடிபட்டு மண்டையில் ஏழு தையல் போட்டவர் அவர் தம்பி என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நடவு அக்காக்கள் எடுத்த பேச்சு

2014-ல் நம்ம கூட்டமைப்பு தொடங்கியது. இரண்டு ஊர்க் குழுக்களும் இதற்குள் வந்தன. முதல் ஒரு வருஷம் கூட்டத்தில் அவர்கள் அந்தச் சுவர் ஓரம், நாங்கள் இந்தச் சுவர் ஓரம். கணக்கு வாசித்தால் கேட்போம், டீ குடிப்போம், கிளம்புவோம்.

பேச்சை முதலில் எடுத்தது நிலம் வைத்திருக்கும் நாங்கள் அல்ல. நிலமே இல்லாத நடவு அக்காக்கள்தான். அவர்கள் இரண்டு ஊரிலும் நடவுக்குப் போகிறவர்கள். 2015-ல் ஒரு கூட்டத்தில் கடன் தவணை ஏன் நிற்கிறது என்று கேட்டபோது ஒரு நடவு அக்கா எழுந்து சொன்னார்: "நீங்க ரெண்டு ஊரும் சண்டை போட்டா எங்களுக்கு என்னன்னு இருந்தோம். தண்ணி இல்லன்னா கீழ நடவு இல்ல. தண்ணி வந்தா ரெண்டு ஊருலயும் ஒரே நாள்ல கூப்புடறீங்க. ஒரு வாரம் கையி பத்தல, அப்புறம் ரெண்டு மாசம் சும்மா. பத்து நாள் முன்ன பின்ன நட்டீங்கன்னா எங்களுக்கும் வேலை, உங்களுக்கும் ஆளு."

தண்ணீரைப் பற்றிப் பேசினால் சண்டை வரும் என்று பயந்து இருந்தோம். அவர் வேலை நாளைப் பற்றிப் பேசினார். அதற்கு யாரும் கோபப்பட முடியவில்லை. நடவு பத்து நாள் முன்னே பின்னே என்றால் தண்ணீரும் முறை வைத்துத்தான் வரணும். பேச்சு தானாக வாய்க்காலுக்கு வந்துவிட்டது.

அடுத்த வாரம் இரண்டு ஊரிலிருந்தும் பதினாறு பெண்கள் வாய்க்காலைத் தலைப்பிலிருந்து கடைசி வரை நடந்து பார்ப்பது என்று முடிவானது. நான் பஸ் ஸ்டாண்டில் சபித்தேனே, அந்த அக்காவும் வந்தார். அவர்தான் எனக்கு அவர்கள் மதகைக் காட்டினார். ஷட்டர் துருப்பிடித்து உடைந்து கிடந்தது. அவர்கள் வயல் வாய்க்கால் மட்டத்தை விட மேடு. குறுக்கே தடுத்தால்தான் தண்ணீர் ஏறும். "நாங்க உங்களுக்குத் தரக்கூடாதுன்னு அடைக்கலம்மா. அடைக்காட்டி எங்க வயலுக்கு ஏறாது" என்றார். மூன்று வருஷமாக எங்கள் ஊரில் ஒருத்தருக்கும் இது தெரியாது. யாரும் போய்ப் பார்க்கவில்லை.

கீழே வரவர நாங்கள் காட்டினோம். நடுவில் இரண்டு இடத்தில் ஆகாயத்தாமரை பாய் விரித்த மாதிரி அடைத்திருந்தது. ஒரு இடத்தில் ரோட்டுக்கு அடியில் போகிற குழாய் மண் மூடிக் கிடந்தது. மேல் ஊர்க்காரர்கள் மூட்டையை எடுத்திருந்தால்கூடப் பாதித் தண்ணீர்தான் எங்களுக்கு வந்திருக்கும். இதைப் பார்த்து அந்த அக்கா, "இதுக்குமா எங்களைத் திட்டினீங்க?" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கரையிலேயே நின்று மன்னிப்புக் கேட்டேன். "சரி விடு, எனக்கும் அன்னிக்கு வாய் வரைக்கும் வந்துச்சு, பஸ்ஸு வந்துருச்சு" என்று சிரித்தார்.

அதற்குப் பிறகு நடந்தவை உங்களில் பலருக்குத் தெரியும். நூறு நாள் வேலையில் வாய்க்காலைத் தூர்வார இரண்டு கிராம சபையிலும் ஒரே வாரத்தில் தீர்மானம் போட்டோம். ஷட்டருக்கு மனு மேல் மனு கொடுத்தோம், வருவதற்கு இரண்டு வருஷம் ஆனது. அதுவரை மண்மூட்டைதான். ஆனால் ஆறு நாள் மூட்டை இருக்கும், ஏழாம் நாள் காலையில் இரண்டு ஊரிலிருந்தும் இரண்டிரண்டு பேர் வந்து சேர்ந்து எடுப்பார்கள், அடுத்த ஆறு நாள் கடைமடைக்கு. இதைத் தீர்மான நோட்டில் எழுதி, இரண்டு ஊர் விவசாயிகளிடமும் கையெழுத்து வாங்கினோம். ஆம்பளைகள் முதலில் சிரித்தார்கள். ஆனால் வீட்டுக்கு வீடு நாங்கள் பேசினபிறகு கையெழுத்துப் போட்டார்கள். போலீஸ் கேஸையும் இரண்டு பக்கமும் பேசி முடித்துக்கொண்டார்கள்.

2016-ம் 2023-ம்

2016 செப்டம்பரில் பெங்களூரில் மறுபடி கலவரம். தமிழ்நாட்டு வண்டிகள் எரிந்ததை டி.வி.யில் பார்த்தோம். அந்த மாதக் கூட்டத்தில் எங்கள் ஊர்த் தங்கச்சி ஒருத்தி, "அவங்க மனுஷங்களே இல்ல" என்றாள். மேல் ஊர் அக்கா மெதுவாகச் சொன்னார்: "நாலு வருஷம் முன்னாடி நீங்களும் எங்களை அப்படித்தான் சொன்னீங்க. நாங்களும் உங்களைச் சொன்னோம். ஒரே சாதி சனம், ஒரே பாஷை, ரெண்டு மைல் தூரம். அதுக்கே இப்படி." யாரும் பேசவில்லை. எனக்குச் சித்தியை அடுப்படியில் மறைத்து வைத்த அந்தக் கன்னடக்கார அம்மா ஞாபகம் வந்தார்.

2023-ல்தான் நம்ம முறைக்கு உண்மையான சோதனை வந்தது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தார்கள். நம்பிக் குறுவை போட்டோம். பிறகு தண்ணீர் குறைந்து, அக்டோபர் 10-ம் தேதி அணையை மூடிவிட்டார்கள். அதற்கு முன்னால் ஒரு தடவை, எங்கள் முறை நாளில் தண்ணீர் வரவில்லை. வீட்டுக்காரர் மண்வெட்டியைப் பார்த்தார். நான் போனை எடுத்தேன். "வா, வந்து பாரு" என்றார் அக்கா. போனேன். அவர் வயல் என் வயலை விட மோசமாக வெடித்திருந்தது. அவர் ஊர்ப் பையன்கள் சிலர்தான் நோட்டை மதிக்காமல் அடைத்திருந்தார்கள், அவர் அவர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் இரண்டு ஊரும் மதகடியில் உட்கார்ந்தோம். ஆறு நாளை இரண்டு நாளாகக் குறைத்தோம். கருகப்போவது உறுதி என்று தெரிந்த மேட்டு வயல்களைக் கைவிடுவது, மிச்சத்தைக் காப்பாற்றுவது என்று பேசினோம். கைவிட்டதில் எங்கள் இரண்டு மாவும் இருந்தது, அக்காவின் ஒன்றரை மாவும் இருந்தது. அன்றைக்கு யாருக்கும் சந்தோஷம் இல்லை. ஆனால் யாருக்கும் மண்டையும் உடையவில்லை. 2012-ல் நாலு மா போனது, கேஸும் போட்டோம். 2023-ல் இரண்டு மா போனது, பொங்கலுக்கு அக்கா வீட்டிலிருந்து கரும்பு வந்தது.

புதுசா வந்த தங்கச்சிகளுக்கு

காவிரிக் குடும்பத்தில் உறவு இருந்தது, கையெழுத்துப் போட்ட தாள் இல்லை. அதனால் நாளாக நாளாகத் தேய்ந்தது. இப்போது ஆணையத்தில் தாள் இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கத்து விவசாயியும் இந்தப் பக்கத்து விவசாயியும் ஒருத்தர் வயலை ஒருத்தர் பார்ப்பது நின்றுபோனது. நம்ம சின்ன வாய்க்காலுக்கு இரண்டும் வேண்டும். நோட்டை மட்டும் வைத்துக்கொண்டால் 2023-ல் அந்தப் பையன்கள் அதை மதிக்கவில்லை. பழக்கத்தை மட்டும் நம்பினால், நானும் அந்த அக்காவும் போனபிறகு யாரிடம் போன் பண்ணுவீர்கள்?

ஆகவே கூட்டமைப்புக்கு இந்த மலர் மூலம் மூன்று கோரிக்கை வைக்கிறேன். ஒன்று, வருஷா வருஷம் ஜூன் 12-க்கு முன்னால் இரண்டு ஊர்ப் பெண்களும் சேர்ந்து வாய்க்காலை நடந்து பார்க்கணும். புதுசா வந்த மருமகள்கள் கட்டாயம் வரணும். இரண்டு, முறை எழுதின தீர்மானத்தை வருஷத்துக்கு ஒரு தடவை சத்தமாக வாசித்துப் புதுக் கையெழுத்து வாங்கணும். மூன்று, தண்ணீர் முறை பேசுகிற கூட்டத்தில் நிலம் இல்லாத நடவு அக்காக்கள் இரண்டு பேராவது உட்காரணும். பேச்சை ஆரம்பித்தவர்களே அவர்கள்தான்.

சித்தப்பாவின் டிரங்குப் பெட்டி இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. அம்மா எனக்குக் கொடுத்தார். அதில்தான் நம்ம தீர்மான நோட்டுகளைக் கரையான் அரிக்காமல் வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.